ஒன்ராறியோவில் பொலிஸ் செக்: காசும் காலமும் வீணாக்காமல் எடுக்கும் வழி

வேலை கிடைத்துவிட்டது, அல்லது கொலிஜில் பிளேஸ்மன்ற் (வேலையிடப் பயிற்சி) வந்துவிட்டது. மின்னஞ்சலின் கடைசி வரியில் "பொலிஸ் செக் கொண்டுவரவும்" என்று மட்டும் இருக்கிறது. உங்கள்மேல் குற்றப் பதிவு உண்டா என்று பொலிஸ் தேடித் தரும் சான்றிதழ்தான் அது. எந்தச் செக், எங்கே எடுப்பது, எத்தனை நாளாகும் என்று ஒரு சொல் இல்லை. அவசரத்தில் பலர் இணையத்தில் முதலில் கண்ணில் படும் கம்பனிக்குக் காசைக் கட்டுகிறார்கள். இரண்டு கிழமை கழித்து "இது எங்களுக்குச் செல்லாது" என்று பதில் வருகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். அப்படி அலையாமல் இருக்கத்தான் இந்த வழிகாட்டி.

இந்த விவகாரத்தை ஒன்ராறியோவில் ஆள்வது ஒரு மாகாணச் சட்டம்: 2015இல் நிறைவேறி, 2018 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பொலிஸ் பதிவுச் சோதனைச் சீர்திருத்தச் சட்டம். அதில் இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று, சோதனை மூன்றே வகை. மற்றது, விடை முதலில் உங்கள் கைக்குத்தான் வரவேண்டும். கியூபெக்கிலோ அல்பேர்ட்டாவிலோ இருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றவேண்டாம். அங்கே விதிகள் வேறு.

1. மூன்றில் எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

நம்மவர் வாயில் எல்லாமே "பொலிஸ் ரிப்போர்ட்"தான். சட்டத்தில் அப்படி இல்லை. அலுவலகங்களில் லெவல் 1, 2, 3 என்று சொல்வதையும் கேட்பீர்கள். பொருள் இதுதான்:

லெவல் 1 என்பது கிரிமினல் ரெக்கோர்ட் செக். குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்த்து, இன்னும் மன்னிப்பு (ரெக்கோர்ட் சஸ்பென்ஷன், ஒன்பதாம் பகுதியில் பாருங்கள்) கிடைக்காத குற்றங்கள் இதில் வரும். நிலுவையில் உள்ள வழக்கு வராது. சமரி முறையில் தீர்ப்பான சிறிய குற்றம் என்றால், தீர்ப்பு நாளிலிருந்து ஐந்து வருடம் கடந்தபின் அதுவும் வராது.

லெவல் 2 கிரிமினல் ரெக்கோர்ட் அண்ட் ஜுடிஷியல் மற்றர்ஸ் செக். மேலே சொன்னவற்றோடு நிலுவையில் உள்ள குற்றச்சாட்டுகள், பிடியாணைகள், சில நீதிமன்ற உத்தரவுகள் சேரும். டிஸ்சார்ஜ் (குற்றம் நிரூபணமானாலும் குற்றத்தீர்ப்பைப் பதியாமல் நீதிமன்றம் விடுவது) கிடைத்திருந்தால் அதுவும் தெரியும்: அப்சலூட் டிஸ்சார்ஜ் ஒரு வருடத்துக்கு, கொண்டிஷனல் டிஸ்சார்ஜ் மூன்று வருடத்துக்கு.

லெவல் 3 வல்னரபிள் செக்டர் செக். பிள்ளைகள், முதியோர், இயலாமை உள்ளவர்கள் போன்றோர் உங்களை நம்பியிருக்கும் பொறுப்புக்கு மட்டும். முன்பு பாலியல் குற்றம் செய்து மன்னிப்புப் பெற்றவர்களின் பதிவும் இதில் தேடப்படும். மிக அரிதாக, தீர்ப்பில் முடியாத குற்றச்சாட்டும் வெளிவரலாம். அதைப் பற்றி ஒன்பதாம் பகுதியில் பாருங்கள்.

பி.எஸ்.டபிள்யூ. (தனிநபர் பராமரிப்புப் பணியாளர்), நேர்சிங் ஹோம், டே கெயார், பள்ளிக்கூடம், பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சி, கோயில் அல்லது சங்கத் தமிழ் வகுப்பில் படிப்பிப்பது: இவற்றுக்குப் பொதுவாக லெவல் 3 கேட்பார்கள். வெயர்ஹவுஸ், அலுவலகம், வங்கி என்றால் 1 அல்லது 2 போதும்.

இங்கேதான் முதல் பொறி. "பெரியதை எடுத்துவிட்டால் எல்லாத்துக்கும் செல்லும்தானே" என்று லெவல் 3க்குப் போகாதீர்கள். பொறுப்பு இல்லாமல் அதை எடுக்கவே முடியாது. பிள்ளைகளோடோ முதியோரோடோ தொடர்பில்லாத வேலைக்கு அதைக் கேட்பதற்கு முதலாளிக்கு இடமில்லை. வீடு வாடகைக்கு விடுபவர் கேட்டாலும் பொலிஸ் கொடுக்காது.

லெவல் 3 என்றால் அமைப்பிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். கடிதத் தலைப்புத் தாளில், திகதியோடு, இவை இருக்கவேண்டும்: உங்கள் முழுப் பெயர், அமைப்பின் பெயரும் விலாசமும், உங்கள் பதவி, சம்பள வேலையா தொண்டா மாணவர் பிளேஸ்மன்றா என்பது, யாரோடு வேலை செய்யப்போகிறீர்கள், அவர்கள்மேல் உங்களுக்கு என்ன பொறுப்பு. "இவர் எங்களிடம் வேலை செய்வார், வல்னரபிள் செக் தேவை" என்று இரண்டு வரிக் கடிதம் திரும்பி வரும். "கிழமைக்கு மூன்று நாள், முதியோரைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, பெரும்பாலும் அவர்களோடு தனியாக இருப்பது" என்ற அளவுக்குத் தெளிவாக இருந்தால் கேள்வி வராது. சில பொலிஸ் சேவைகள் அந்த அமைப்பு தங்களிடம் ஏற்கனவே பதிவு செய்திருக்கவேண்டும் என்கின்றன. அதையும் முதலாளியிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.

2. எந்தப் பொலிஸ் என்பதை உங்கள் விலாசம் தீர்மானிக்கிறது

வேலை எங்கே என்பது கணக்கில்லை. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதுதான். ஸ்காபரோவில் இருந்தால் ரொறன்ரோ பொலிஸ். ஸ்ரீல்ஸ் வீதியைத் தாண்டி மார்க்கம் போய்விட்டால் யோர்க் பிராந்தியப் பொலிஸ். ஏஜாக்ஸ், பிக்கறிங் என்றால் டுரம். பிராம்ப்டன், மிசிசாகா என்றால் பீல். சொந்தப் பொலிஸ் இல்லாத சிறிய ஊர்களை ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ் பார்க்கிறது.

லெவல் 1, 2 இரண்டையும் பொலிசோடு ஒப்பந்தம் உள்ள தனியார் கம்பனிகள் மூலமும் எடுக்கலாம், விரைவாக வரும். லெவல் 3ஐ எந்தத் தனியார் கம்பனியும் செய்யமுடியாது. தேடும்போது மேலே விளம்பரமாக வருகிற தளங்கள் இதை ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். காசு கட்டியபின் வாசித்துப் பயனில்லை.

விண்ணப்பித்துவிட்டு வீடு மாறுவது இன்னொரு சிக்கல். மாதக் கடைசியில் ஸ்காபரோவிலிருந்து ஏஜாக்ஸ் போகப்போகிறீர்கள் என்றால், மாறியபின் புது விலாசத்தில் விண்ணப்பிப்பது நல்லது.

3. பெயரை முதலில் சரிபாருங்கள்

தமிழரின் விண்ணப்பங்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். சோதனை உங்கள் பெயரையும் பிறந்த திகதியையும் வைத்துத் தேடும் வேலை. பெயர் மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருந்தால், அலுவலர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவரின் பெயர் மாலதி, தகப்பன் பெயர் கந்தசாமி, கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயர் ரவீந்திரன். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் "கந்தசாமி", சொந்தப் பெயர் "மாலதி". பி.ஆர். (நிரந்தர வதிவிட) கார்ட்டிலும் அதேபோல. ஆனால் வங்கியில் "மாலதி ரவீந்திரன்". கொலிஜில் சேரும்போது "கந்தசாமி மாலதி" என்று முன்பின்னாகப் பதிந்துவிட்டார்கள். கொலிஜ் கொடுத்த கடிதத்தில் அந்தப் பெயர். அடையாள அட்டையில் வேறு. பொலிஸ் மேசையில் இது இரண்டு ஆட்கள்.

ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். கனடியக் குடிவரவு ஆவணங்களில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுவார்கள். இணைய விண்ணப்பமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். அங்கே தகப்பன் பெயரை நீங்களாக எழுதி நிரப்பவேண்டாம். அந்தச் சேவையை அழைத்து எப்படி நிரப்புவது என்று கேளுங்கள். அல்லது நேரில் போங்கள்.

செய்யவேண்டியது இதுதான். பி.ஆர். கார்ட் அல்லது கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பின் கடிதத்தையும் அதே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். முன்பு பாவித்த பெயர், கலியாணத்துக்கு முந்திய பெயர், மாற்று எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் "வேறு பெயர்கள்" என்ற கட்டத்தில் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அதை எழுதினால் சந்தேகம் வரும் என்று நினைத்து விடுகிறவர்கள் உண்டு. சந்தேகம் வருவது எழுதாமல் விட்டால்தான். பெயர் சட்டப்படி மாறியிருந்தால் விவாகப் பதிவு அல்லது பெயர் மாற்றச் சான்றிதழின் பிரதி வேண்டும். அது தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கிலப் பிரதியையும் வைத்திருங்கள்.

4. அடையாள ஆவணம்

பெரும்பாலான சேவைகள் அரசு வழங்கிய இரண்டு ஆவணம் கேட்கும். ஒன்றிலாவது புகைப்படம் வேண்டும். இரண்டிலும் சேர்த்து பெயர், பிறந்த திகதி, கையெழுத்து தெரியவேண்டும். கடவுச்சீட்டு, பி.ஆர். கார்ட், ஓட்டுநர் லைசன்ஸ், ஒன்ராறியோ போட்டோ கார்ட், வேலை அல்லது படிப்பு அனுமதிப் பத்திரம் ஆகியவை நல்லவை.

ஹெல்த் கார்ட்டை நம்பிப் போகாதீர்கள். மாகாண சுகாதாரத் தகவல் சட்டம் காரணமாக அதை அடையாள அட்டையாகப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். சின் (சமூகக் காப்புறுதி) இலக்கப் பத்திரமும் அப்படித்தான். அதை யாருக்கும் காட்டாமல் வீட்டிலேயே வைப்பது உங்களுக்கும் நல்லது. வாகனம் ஓட்டாதவர்கள் சேர்விஸ் ஒன்ராறியோவில் போட்டோ கார்ட் ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்தால் இதற்கு மட்டுமல்ல, பலதுக்கும் உதவும்.

விலாசத்தை உறுதிப்படுத்த ஏதாவது வேண்டும்: வங்கிக் கூற்று, போன் பில், வாடகை ஒப்பந்தம். கடந்த ஐந்து வருடத்தில் இருந்த விலாசங்களும் படிவத்தில் கேட்கப்படலாம். வெளிநாட்டு விலாசங்களும் அதில் அடக்கம். வவுனியாவில் எந்த மாதம் வரை இருந்தோம், சென்னையில் எப்போது வந்தோம் என்பதை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். இடையில் மாதங்கள் விடுபட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்குப் போகாது.

பேஸ்மன்றில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சொல். விடை தபாலில் வரும் சேவை என்றால், விலாசத்தில் "பேஸ்மன்ற்" அல்லது யூனிட் இலக்கத்தை எழுதுங்கள். மேலே இருக்கும் வீட்டுக்காரரிடம் உங்கள் பெயரில் ஒரு கடிதம் வரும் என்று சொல்லி வையுங்கள். "இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட உறையைத் தேடி எடுப்பது, புதிதாக விண்ணப்பிப்பதைவிடக் கஷ்டம்.

5. இணையத்திலா, நேரிலா

பெரிய சேவைகள் எல்லாம் இணையத்தில் எடுக்கின்றன. அதில் உங்களை அடையாளம் காண்பதற்கு உங்கள் கிரெடிட் பதிவிலிருந்து கேள்வி கேட்கும் முறை பல இடங்களில் உண்டு: எந்த வங்கியில் கார்ட் எடுத்தீர்கள், எந்த வருடம் கார்க் கடன் எடுத்தீர்கள் என்பது போல. கனடா வந்து நான்கு மாதம் ஆனவருக்கு கிரெடிட் பதிவே இருக்காது. எனவே கணினி "உறுதிப்படுத்த முடியவில்லை" என்று சொல்லிவிடும். நீங்கள் எதுவும் பிழை செய்யவில்லை. மூன்று தரம் முயன்று கணக்கைப் பூட்டவைக்காமல், நேரில் போய் அடையாளம் காட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள். சில நிலையங்களுக்கு அப்பொயின்ற்மன்ற் தேவை. போவதற்கு முன் பாருங்கள்.

6. கட்டணம்

கட்டணம் சேவைக்குச் சேவை மாறும். சம்பள வேலைக்கு ஒரு விலை, மாணவருக்கு சில இடங்களில் ஒரு விலை, தொண்டருக்கு இன்னொன்று. விண்ணப்பிக்கும் நாளில் அந்தச் சேவையின் தளத்தில் உள்ள தொகையைப் பாருங்கள். நண்பர் போன வருடம் கட்டியது இப்போது பொருந்தாது.

தொண்டர்களுக்கு நல்ல செய்தி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் தொண்டுப் பணிக்கான லெவல் 1, 2 சோதனைகளுக்கு ஒன்ராறியோவில் கட்டணம் இல்லை. விண்ணப்பிக்கும்போதே கேட்டால் ஐந்து பிரதிகள் வரை இலவசமாகத் தருவார்கள். "விண்ணப்பிக்கும்போதே" என்பதைக் கவனியுங்கள். கோயில், பள்ளிக்கூடம், உணவு வங்கி என்று பல இடத்தில் தொண்டு செய்பவர்கள் அப்போது கேட்காமல் விட்டால் பிறகு பிரதிக்குக் காசு கேட்கலாம். லெவல் 3க்கு தொண்டர் கட்டணம் உண்டா என்பதை உங்கள் பொலிசிடமே கேளுங்கள்.

கைரேகை தேவைப்பட்டால் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.க்கு 25 டொலர். வல்னரபிள் செக்டர் தொண்டர்களிடம் அதை வாங்குவதில்லை. கைரேகை எடுத்துக் கொடுக்கும் கம்பனியின் கூலி இதற்குப் புறம்பானது.

7. "கைரேகை கொடுக்க வரவும்" என்று கடிதம் வந்தால்

பலரும் இதைக் கண்டு பதறுகிறார்கள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறார்கள். தேவையில்லை.

லெவல் 3இல், மன்னிப்புப் பெற்ற பாலியல் குற்றவாளிகளின் பதிவை உங்கள் பாலினம், பிறந்த திகதி இரண்டையும் மட்டும் வைத்துத் தேடுவார்கள். ஒருவர் பெயரைச் சட்டப்படி மாற்றியிருக்கலாம் என்பதால் பெயரை நம்புவதில்லை. எனவே கனடாவின் எங்கோ ஒரு மூலையில் உங்கள் பிறந்தநாளில் பிறந்த, அப்படிப் பதிவு உள்ள, உங்கள் பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் இருந்தால், உங்களுக்கும் கைரேகைக் கடிதம் வரும். கனடாவுக்கு நீங்கள் வந்ததே போன மாதமாக இருந்தாலும் வரும். அப்படிப் பதிவு உள்ளவர்களில் ஆண்களே அதிகம் என்பதால், ஆண்களுக்குத்தான் இந்தக் கடிதம் அதிகம் வரும். அந்த நபர் நீங்கள் இல்லை என்பதைக் கைரேகை உறுதிப்படுத்தும், விடை வரும்.

முதலாளிக்கு என்ன சொல்வது? "பிறந்த திகதி ஒத்துப்போனதால் கைரேகை கேட்டிருக்கிறார்கள், இது வழக்கமான நடைமுறை, விடை தாமதிக்கும்" என்று எழுதுங்கள். விண்ணப்ப ரசீதையும் இணையுங்கள். மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் இதை அடிக்கடி காண்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் வேறு விதமாக நினைப்பார்கள்.

கைரேகை கொடுக்கும் இடத்தை உங்கள் பொலிஸ் சொல்லும். வேறு காரணத்துக்காக, உதாரணமாகக் குடியுரிமைக்காக, எடுத்த கைரேகை இதற்குச் செல்லாது. சமையல் வேலை, சீமெந்து வேலை, துப்புரவு வேலை செய்பவர்களின் விரல் தோல் தேய்ந்திருக்கும். இயந்திரம் வாசிக்காமல் திருப்பி அனுப்பும். இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கைக்குக் கிறீம் பூசி, முடிந்தால் அந்த வேலையிலிருந்து ஒரு நாள் விலகிப் போங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒரு மாதத் தாமதத்தைத் தவிர்க்கும்.

8. விடை உங்கள் கைக்கு வந்ததும்

சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான பகுதி இது. சோதனை தொடங்கவே உங்கள் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். விடையை முதலில் உங்களுக்குத்தான் கொடுக்கவேண்டும். நீங்கள் பார்த்து, சம்மதித்த பிறகே அது முதலாளிக்குப் போகவேண்டும். காட்டவேண்டாம் என்று முடிவெடுத்து வேலையை விடவும் உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைகளைத் தத்தெடுப்பது போன்ற சில விவகாரங்களுக்கு விதிவிலக்கு இருக்கிறது; சாதாரண வேலைக்கு இல்லை. விடையை வாங்கிக்கொண்ட அமைப்பு அதை எந்தக் காரணத்துக்காகக் கேட்டதோ அதற்கு மட்டுமே பாவிக்கலாம்.

"நெகற்றிவ்" என்று எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். எதுவும் அகப்படவில்லை என்பதுதான் பொருள். மருத்துவப் பரிசோதனை போல. பெயரின் எழுத்துக்கூட்டல், பிறந்த திகதி, சோதனையின் வகை மூன்றையும் வாசலிலேயே சரிபாருங்கள். மூலப் பிரதியைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இவை லெவல் 1, 2இல் வராது: வாபஸ் பெற்ற வழக்கு, விடுதலையான வழக்கு, வீட்டில் சண்டை என்று யாரோ 911 அழைத்துப் பொலிஸ் வந்து போனது, மனநல நெருக்கடியில் பொலிஸ் உதவிக்கு வந்தது, குடும்ப நீதிமன்றத்தின் தடையுத்தரவு. மனநலம் தொடர்பான பொலிஸ் தொடர்புகள் முன்பு சிலரின் அறிக்கையில் வந்து வேலையைக் கெடுத்தன. இந்தச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேகமாக ஓட்டியதற்கான ரிக்கெற் மாகாணக் குற்றம், அதுவும் எந்த வகையிலும் வராது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டியது கிரிமினல் குற்றம், தீர்ப்பானால் வரும். இரண்டையும் "ட்ராஃபிக் கேஸ்" என்று ஒன்றாக நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

இந்தச் சோதனை கனடாவுக்குள் மட்டும் தேடும். இலங்கையிலோ இந்தியாவிலோ இருந்த காலத்துக்கு அமைப்பு தனியாகச் சான்றிதழ் கேட்டால், அதை அந்தந்த நாட்டிலிருந்துதான் எடுக்கவேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

9. பதிவு இருந்தால், அல்லது விடை பிழையாக வந்தால்

தீர்ப்பு இருப்பவர்களை ஒரு பிரகடனப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். குற்றம், நீதிமன்றம் இருந்த ஊர், தீர்ப்பு நாள் ஆகியவை தேசியப் பதிவோடு அப்படியே ஒத்திருந்தால் கைரேகை இல்லாமல் உறுதிப்படுத்தலாம். நினைவிலிருந்து எழுதினால் ஒத்துவராது; நீதிமன்றத் தாள்களைப் பார்த்து எழுதுங்கள். மன்னிப்புப் பெற்றவை, டிஸ்சார்ஜ், வெளிநாட்டுத் தீர்ப்பு, போக்குவரத்து ரிக்கெற் ஆகியவற்றை அதில் எழுதவேண்டாம். தேவைக்கு மேல் எழுதுவதும் கைரேகையில்தான் போய் முடியும்.

பெயர் பிழையாக வந்துவிட்டது, வேறொருவரின் பதிவு உங்கள்மேல் விழுந்துவிட்டது என்றால், திருத்தம் கேட்கும் வழி ஒவ்வொரு பொலிஸ் சேவையிலும் இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள்.

லெவல் 3இல் மட்டும், தீர்ப்பில்லாத குற்றச்சாட்டை வெளியிட மூன்று நிபந்தனை சேரவேண்டும்: குற்றம் விதிமுறையின் பட்டியலில் இருக்கவேண்டும், பாதிக்கப்பட்டவர் பிள்ளையாகவோ பலவீனமானவராகவோ இருக்கவேண்டும், வேட்டையாடும் தன்மையான நடத்தை தொடர்கிறது, ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருக்கவேண்டும். அப்படி வெளியிட்டால், கிடைத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். பொலிஸ் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். உறையை எறியாதீர்கள், எந்த நாள் கிடைத்தது என்பதற்கு அதுதான் சாட்சி. இந்த இடத்தில் சட்டத்தரணி அல்லது சமூகச் சட்ட நிலையத்தின் உதவி இல்லாமல் தனியாக எழுதவேண்டாம்.

மன்னிப்புக்கு, அதாவது ரெக்கோர்ட் சஸ்பென்ஷனுக்கு, கனடிய பரோல் சபையிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். தண்டனை, தண்டப்பணம் எல்லாம் முடிந்தபின் சமரிக் குற்றத்துக்கு 5 வருடம், பெரிய குற்றத்துக்கு 10 வருடம் காத்திருக்கவேண்டும். 600 டொலருக்கு மேல் இருந்த சபைக் கட்டணத்தை 2022 ஜனவரியில் 50 டொலராகக் குறைத்தார்கள். ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகரின் காசு சபைக்குப் போவதில்லை. மன்னிப்புப் பெற்ற குற்றத்தையோ மாகாணக் குற்றத்தையோ காட்டி வேலை மறுப்பதை ஒன்ராறியோ மனித உரிமைக் கோவை தடுக்கிறது. மன்னிப்புப் பெறாத கிரிமினல் தீர்ப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

10. எப்போது எடுப்பது

சான்றிதழில் காலாவதித் திகதி கிடையாது. அது வழங்கிய நாளின் நிலையை மட்டும் சொல்கிறது. எத்தனை மாதப் பழையதை ஏற்பது என்பதை வேலை கொடுப்பவரும் அந்தத் துறையின் விதியும் தீர்மானிக்கின்றன. நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வேலைக்கு எடுப்பதற்கு முந்திய ஆறு மாதத்துக்குள் செய்ததாக இருக்கவேண்டும். உரிமம் பெற்ற டே கெயாரிலும் ஆறு மாதம்தான். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிது, இடைப்பட்ட வருடங்களில் குற்றப் பிரகடனம் ஒன்றில் கையெழுத்து. பள்ளிச் சபைகளின் ஊழியர்களும் ஒவ்வொரு வருடமும் செப்டெம்பர் 1க்குள் அப்படிப் பிரகடனம் கொடுக்கவேண்டும்.

எனவே வேலை தேடத் தொடங்கிய நாளிலேயே எடுத்து வைப்பது வீண். வேலை உறுதியானதும், கடிதம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பியுங்கள். கைரேகை கேட்காவிட்டால் சில நாளிலிருந்து இரண்டு மூன்று கிழமைக்குள் முடியும். கேட்டால் இன்னும் பல கிழமை. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் கொலிஜ் மாணவர் எல்லோரும் ஒன்றாக வந்து விழுவார்கள். செப்டெம்பர் பிளேஸ்மன்றுக்கு ஜூலைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். டே கெயாரில் விடை தாமதமானால், நீங்கள் நேரத்தோடு விண்ணப்பித்திருந்தால், கூடுதல் மேற்பார்வையோடு வேலையைத் தொடங்கவைக்க நிர்வாகத்துக்கு விதியில் இடம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்த திகதியுள்ள ரசீது வேண்டும்; மின்னஞ்சலில் வந்ததை அழிக்காமல் தாளில் ஒரு கொப்பி எடுத்துக் கடிதத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.